கத்திரி வெயிலும் கரண்ட் பில்லும்: வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கான கேள்வி பதில்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் பேச்சு இரண்டே விஷயம்தான். தண்ணீர் வந்ததா, பில் எவ்வளவு வந்தது. சத்துவாச்சாரியில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். மீட்டர் ரீடிங்கை வாரா வாரம் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அது தெரிந்தவர்கள் பில் எகிறினால் அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். காட்பாடி, குடியாத்தம், ஆற்காட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நம் பக்கத்தில் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் பல்பு இல்லை, கூரை மேல் விழும் வெயிலும் போரிலிருந்து ஏறும் தண்ணீரும்தான் என்பது இத்தனை வருட நோட்டில் நான் கண்டது.

போன தடவை 495 யூனிட். இந்தத் தடவை 520. வெறும் 25 யூனிட்டுக்கு 400 ரூபாய்க்கு மேல் கூடிவிட்டது. மீட்டர் தப்பாக ஓடுகிறதா?

மீட்டரில் தப்பு இல்லை, 500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். 2022 செப்டம்பர் 10 அன்று வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். இப்படிப் போட்டால் 495 யூனிட்டுக்கு 1,695 ரூபாய் வரும். 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101லிருந்து 400 வரை எல்லாமே 4.50. 401 முதல் 500 வரை அதே 6 ரூபாய், 501 முதல் 600 வரை 8 ரூபாய், அதற்கு மேல் விலை இன்னும் கூடும். ஆக 520 யூனிட்டுக்கு 2,110 ரூபாய். கடைசி 25 யூனிட்டின் விலை 415 ரூபாய். யூனிட்டுக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள்.

அதற்கப்புறம் விலை ஏறியிருக்கிறது. 2024 ஜூலையில் 501 முதல் 600 வரையிலான யூனிட் 8.55 ரூபாய் ஆனது, 1000க்கு மேல் 11.80. உங்கள் பில்லில் அச்சாகியிருக்கும் விலையை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: ரீடிங் எடுத்துப் போன நாளிலிருந்து 45ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். 375 யூனிட்டுக்கு மேல் ஓடியிருந்தால் இதே வேகத்தில் 500ஐத் தாண்டிவிடும் என்று அர்த்தம். கையில் இன்னும் பதினைந்து நாள் இருக்கும். ஏசியை ஒரு மணி நேரம் குறைத்தாலே சமாளித்துவிடலாம்.

ரீடிங் எடுக்க ஒரு வாரம் தாமதமாக வந்தார்கள். அதனால் பில் கூடுமா?

கூட வாய்ப்பு உண்டு. அந்த வாரத்து யூனிட்டும் இதே கணக்கில்தான் சேரும். 500க்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு அது வலிக்கும். 60ஆம் நாள் மீட்டரை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் எண்ணும் தெரிய வேண்டும். அதை வைத்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, இரவு பகல் எந்நேரமும் புகார் சொல்லலாம்.

லைட்டை அணைத்துக்கொண்டே இருக்கிறோம். ஆனாலும் பில் குறையவில்லையே?

9 வாட்ஸ் எல்இடி பல்பு தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்தில் மூன்று யூனிட்கூட ஆகாது. பிள்ளைகளை லைட்டுக்காகத் திட்டுவதில் பெரிய லாபம் கிடையாது.

ஆனால் பூஜை அறையில் ராத்திரி பகலாக எரியும் அந்தச் சிவப்பு ‘ஜீரோ வாட்ஸ்’ பல்பைப் பாருங்கள். பேர்தான் ஜீரோ. பழைய இழை பல்பாக இருந்தால் 15 வாட்ஸ் இழுக்கும், இரண்டு மாதத்தில் 21 யூனிட்டுக்கு மேல். அரை வாட்ஸ் எல்இடி போட்டால் ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும், சாமிக்கு விளக்கும் எரியும். அதேபோல டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அப்படியே விடுகிறோம். 10 வாட்ஸ் பாக்ஸ் ஒரு நாளில் 19 மணி நேரம் சும்மா ஓடினால் 11 யூனிட். இவை இரண்டும் சேர்ந்தே முப்பது யூனிட்டுக்கு மேல். மேலே சொன்ன 500 கணக்கில் அது எவ்வளவு பெரிய தொகை என்று பாருங்கள்.

ஏசியே இல்லாத வீடு. ஆனாலும் 400 யூனிட் ஓடுகிறது. எது தின்கிறது?

முதலில் மோட்டாரைப் பாருங்கள். ஒன்றரை எச்பி சப்மெர்சிபிள் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட். அரசு கொடுக்கும் இலவச 100 யூனிட் கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீருக்கே போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோடையில் திடீரென்று 80 யூனிட் கூடியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். கண்டன்சரை மாற்றிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று போனார். அடுத்த வாரமும் நோட்டில் எண் குறையவில்லை. ஒருநாள் இரவு இரண்டு மணிக்குப் புழுக்கம் தாங்காமல் எழுந்தேன், மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. யாரும் தண்ணீர் திறக்கவில்லை. போருக்குள் இருந்த நான்-ரிட்டர்ன் வால்வு தேய்ந்துபோயிருந்தது. எங்கள் வீட்டில் மேலே போகும் பைப் டேங்கின் அடியில் சேர்கிறது. அதனால் ஏற்றிய தண்ணீர் அந்த வழியாகவே மெல்லத் திரும்பி போருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டேங்க் குறைந்ததும் ஆட்டோ சுவிட்ச் மோட்டாரைத் திரும்ப ஓட்டியது. ராத்திரி முழுக்க ஒரே தண்ணீரை ஏற்றி இறக்கியிருக்கிறோம். வால்வை மாற்றிய அடுத்த பில்லில் எண் பழைய இடத்துக்கு வந்தது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டேங்க் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று இன்றைக்கே குறித்து வையுங்கள். 40 நிமிடத்தில் நிரம்பியது 60, 70 ஆனால் நீர்மட்டம் இறங்கியிருக்கும், இல்லையென்றால் பம்ப் தேய்ந்திருக்கும், பைப்பில் எங்காவது கசியும். இரவில் டேங்க் நிரம்பியதும் அளவைப் பார்த்துவிட்டு, மோட்டார் மெயினை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் யாரும் தண்ணீர் எடுக்காமலே குறைந்திருந்தால் எங்களுக்கு வந்த கோளாறாக இருக்கலாம்.

காயில் எரிந்த மோட்டாரை இரண்டு மூன்று தடவை கட்டி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஒவ்வொரு தடவை கட்டும்போதும், வேலை சுத்தமாக இல்லையென்றால், அதே தண்ணீருக்கு அது கூடுதல் கரண்ட் இழுக்கும். மூன்றாவது தடவை கட்டக் கொடுக்கும் காசை ஸ்டார் முத்திரை உள்ள புது பம்ப்பில் போடுவது நல்லது. ஊற்று குறைந்துபோன போரில் கம்ப்ரஸர் வைத்துக் காற்றடித்துத் தண்ணீர் எடுப்பவர்களுக்கு வேறு வழி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதுதான் இருப்பதிலேயே அதிகம் தின்பது. மழைக்குப் பிறகு நீர்மட்டம் ஏறினால் ஒரு தடவை சப்மெர்சிபிள் இறங்குமா என்று பார்த்துவிடுங்கள்.

காவிரித் தண்ணீர் வரும் தெருவில் இருந்தால், சம்ப்பிலிருந்து மேலே ஏற்ற அரை எச்பி மோட்டாரே போதும். பத்து, பதினைந்து அடி ஆழத்திலிருந்து ஏற்றுவதும் பல நூறு அடி ஆழத்திலிருந்து ஏற்றுவதும் ஒன்றாகாது.

ராத்திரி பத்து மணிக்கு மேலும் வீடு அடுப்பு மாதிரி கொதிக்கிறதே, ஏன்?

வேலூரைச் சுற்றிப் பாறை மலை. கடற்காற்று சென்னைக்கு மதியமே வந்துவிடும், நமக்கு வந்தால் உண்டு. மே மாதத்தில் 108, 110 டிகிரி என்பது இங்கே புதுச் செய்தி இல்லை. பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் கூரை அந்தச் சூட்டை ராத்திரியில்தான் உள்ளே இறக்கும். ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றிவிடும், ஏசி பாதி நேரம் கூரையோடு போராடும்.

அதனால்தான், புது ஏசி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள் என்பேன். மார்ச் கடைசிக்குள் செய்துவிட வேண்டும். மாடியை நன்றாகப் பெருக்கி, பாசி இருந்தால் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்துக் கலக்க வேண்டும். தரையைச் சற்று ஈரமாக்கிவிட்டு வெயில் தாழ்ந்தபின் முதல் பூச்சு, அது காய்ந்தபின் குறுக்கே இன்னொரு பூச்சு. சுண்ணாம்பு நீறும்போது கொதிக்கும், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். ஒரு கோடைக்குத் தாங்கும், அடுத்த வருடம் திரும்ப அடிக்க வேண்டும். அதற்கென்றே வரும் வெள்ளைப் பெயின்ட்டும் வெள்ளை டைல்ஸும் கூடுதல் வருடம் நிற்கும், செலவும் கூடும். எங்கள் வீட்டில் சுண்ணாம்பு அடித்த முதல் கோடையில் இரவு ஒன்பது மணிக்குக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். முன்பெல்லாம் தோசைக்கல் ஆறினமாதிரி இருக்கும். அந்த வருடம் சாதாரணச் சுவர் மாதிரி இருந்தது. ஏசி போடும் நேரம் பத்து மணியிலிருந்து பதினொன்றரைக்குத் தள்ளிப் போனது.

மேற்குச் சுவரையும் மறந்துவிடாதீர்கள். சாயங்கால வெயில் அங்கேதான் அறையும். வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ பச்சை நிழல்வலையோ கட்டுங்கள். உள்ளே திரை போடுவதைவிட வெளியிலேயே வெயிலைத் தடுப்பதுதான் பலன் தரும், கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு உள்ளேதான் இருக்கும். இடம் இருந்தால் அந்தப் பக்கம் ஒரு வேப்பங்கன்று நட்டுவிடுங்கள்.

ஏசியை எத்தனை டிகிரியில் வைப்பது?

26ல் வைத்து, ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓட விடுங்கள். 2020 ஜனவரி முதல், ஸ்டார் முத்திரை உள்ள வீட்டு ஏசிகள் ஆன் செய்ததும் 24ல் தொடங்கும்படி அரசு விதி வைத்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 16ல் வைத்தால் சீக்கிரம் குளிராகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, சும்மா நீண்ட நேரம் ஓடும்.

கடையில் வாங்கும்போது ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். முத்திரையில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 800 என்று இருந்தால் 1600ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், மணிக்கு அரை யூனிட். எட்டு மணி நேரம் தூங்கினால் நான்கு யூனிட், இரண்டு மாதத்துக்கு 240. கத்திரியில் நம் ஊரில் இதைவிடக் கூடவே ஆகும். அப்புறம், ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். பைபாஸ் ரோட்டோரம் இருக்கும் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை.

ஏர் கூலர் வாங்கலாமா? சென்னையில் இருக்கும் தம்பி வேண்டாம் என்கிறான்.

அவர் ஊருக்கு அவர் சொல்வது சரி. அங்கே காற்றிலேயே ஈரம் இருப்பதால் கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும். நமக்கு ஏப்ரல், மே மாதத்து மதியக் காற்று வறண்டது, கூலர் நன்றாக வேலை செய்யும். 150, 200 வாட்ஸ்தான். ஜன்னலோரம் வைத்து எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து விட வேண்டும். கதவை எல்லாம் சாத்திக்கொண்டு ஓட்டினால் அரை மணியில் உடம்பு பிசுபிசுக்கும். மழை தொடங்கிவிட்டால் மூடி வைத்துவிடலாம். தினம் பல லிட்டர் தண்ணீர் குடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிஎல்டிசி ஃபேன் விலை அதிகம். போட்ட காசு திரும்புமா?

எந்த அறையில் மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண ஃபேன் 75 வாட்ஸ், இது 30 வாட்ஸ் அளவு. பதினாறு மணி நேரம் ஓடும் கூடத்தில் மாட்டினால் இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறையில் மாட்டினால் காசு திரும்பாது. வீட்டில் அதிக நேரம் ஓடும் ஒரு ஃபேனை மட்டும் முதலில் மாற்றுங்கள். பழைய பெட்டி மாதிரியான ரெகுலேட்டர் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். அது வேகத்தைக் குறைக்கும், மிச்சக் கரண்டைச் சூடாக்கி வீணடிக்கும்.

ஃபிரிட்ஜில் வாரத்துக்கு வேண்டிய மாவை வைக்கிறோம். அதனால் பில் ஏறுமா?

மாவால் ஏறாது. சுவரை ஒட்டி வைத்திருந்தால் ஏறும், பின்னால் நாலு விரல் இடைவெளி விடுங்கள். கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. சூடான குழம்பை ஆறவைத்து வையுங்கள். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் போடுவதால் மிச்சம் ஒன்றும் வராது, சாப்பாடுதான் கெடும்.

கீசர்?

மார்ச் முதல் அக்டோபர் வரை சின்டெக்ஸ் டேங்கே நமக்குக் கீசர். மற்ற மாதங்களில் 15 லிட்டரைச் சூடாக்க அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஒருவர் குளித்ததும் அடுத்தவர் போய்விட்டால், மறுபடி முதலிலிருந்து சூடாக்க வேண்டியதில்லை.

கிரைண்டர், மிக்ஸி?

விடுங்கள். 150 வாட்ஸ் கிரைண்டர் 40 நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கேட்கிறார். 100 யூனிட் இலவசம் எங்களுக்கு இல்லையா?

இலவசம் ஒரு இணைப்புக்கு ஒன்று. ஒரே இணைப்பில் மூன்று போர்ஷன் இருந்தால் மூன்று பேருக்கும் சேர்த்து 100தான், மூன்று பேர் ஓட்டமும் கூடுவதால் 500ஐத் தாண்டுவதும் சுலபம். தோட்டப்பாளையம் பக்கம், ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வந்து மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு இது தெரிவதில்லை, பாவம். குடி போகும் முன்பே கேளுங்கள்: தனி ஈபி இணைப்பா, சப்-மீட்டரா? சப்-மீட்டர் என்றால் முதல் நாள் ரீடிங்கை இருவரும் பார்த்து எழுதி வையுங்கள். பொது மோட்டாரும் மாடிப்படி லைட்டும் யார் கணக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

குடியாத்தத்தில் வீட்டிலேயே தறி ஓட்டுகிறோம்.

உங்களுக்குத் தனிச் சலுகை இருக்கிறது. 2023ல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவசத்தை 300 ஆகவும், விசைத்தறிக்கு 750ஐ 1000 ஆகவும் உயர்த்தினார்கள். உங்கள் பில் அந்தக் கணக்கில் வருகிறதா என்று அட்டையைப் பாருங்கள். வீட்டுக் கணக்கில் வந்தால் பிரிவு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மாடியில் சோலார் போடலாமா?

பில் எத்தனை யூனிட் என்று முதலில் சொல்லுங்கள். மேலே சொன்ன 2022 விலையில் 300 யூனிட்டுக்கு 675 ரூபாய்தான். அந்த வீட்டுக்கு நான் அவசரப்பட வேண்டாம் என்பேன். 800 யூனிட் என்றால் 4,550 ரூபாய், அவர்கள் கட்டாயம் யோசிக்கலாம். ஒரு கிலோவாட் பேனல் தினம் சுமார் நான்கு யூனிட் தரும், நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், மூன்று கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000. பேனலின் நிழல் விழும் கூரையும் குளிர்ச்சியாக இருக்கும். தூசி படிந்தால் உற்பத்தி குறையும், கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் கழுவுங்கள்.

எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று சந்தேகம். நானே பார்க்க முடியுமா?

முடியும். மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னும், அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று போட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் உட்பட எல்லா பிளக்கையும் பிடுங்கி, லைட், ஃபேன் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, மெயினை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். மின்னவே கூடாது. 16 தடவை மின்னினால் 300 வாட்ஸ் எங்கோ போகிறது. பழைய வயரிங்கில் கசிவாக இருக்கலாம், மறந்துபோன இணைப்பாகவும் இருக்கலாம். மெயினை அணைத்த பிறகும் மின்னினால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. இதற்கு மேல் நீங்கள் கை வைக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவரைத் தொட்டால் சுரீர் என்கிற வீடாக இருந்தால் அன்றைக்கே.

வீட்டில் எண்பது வயது அம்மா. பில்லுக்குப் பயந்து ஏசியை வேண்டாம் என்கிறார்.

அம்மாவிடம் பில்லைக் காட்டாதீர்கள். வயதானவர்களுக்கு வெயிலின் கடுமை உடனே உறைக்காது, தாகமும் தெரியாது, திடீரென்று மயங்கி விழுவார்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை வீட்டிலேயே குளுமையான அறையில் படுக்க வையுங்கள், கீழ்த்தளத்து வடக்கு அறை இருந்தால் அதுதான் நல்லது. எல்லோரும் அந்த ஒரு அறையிலேயே இருந்தால் ஒரு ஏசி, ஒரு ஃபேன் போதும். 27ல் வைத்து, நீர்மோர் கொடுத்துக்கொண்டே இருங்கள். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். அந்த இரண்டு மாதம் 500ஐத் தாண்டினால் தாண்டட்டும், ஆடியில் காற்று வந்ததும் குறைத்துக்கொள்ளலாம்.